மார்கழியில் முகூர்த்தம் இல்லை, வாத்துகள் உண்டு

கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தோடு எங்கள் ஸ்டூடியோ அடங்கிவிடும். தஞ்சாவூரில் கல்யாண போட்டோகிராஃபருக்கு மார்கழி என்பது ஆல்பம் முடிக்கிற மாதம், பாக்கி வசூலிக்கிற மாதம். "போன வைகாசியில நடந்த கல்யாணம், குழந்தையே பொறக்கப் போகுது, ஆல்பம் எங்க?" என்று பெண் வீட்டார் போன் போடுகிற மாதமும் அதுதான். ஆனால் கல்யாணத்துக்கு ஆகாத அந்த மாதம் வாத்துகளுக்கு நல்ல மாதம். வடக்கே குளிர் ஏறியதும் கிளம்பிய கூட்டமெல்லாம் அப்போது டெல்டா ஏரிகளில் இறங்கியிருக்கும். நாலு வருஷமாக மார்கழி விடியற்காலைகளில் நான் கரைவெட்டி ஏரிக்கரையில்தான் நிற்கிறேன். வீட்டில் இதற்கு "வாத்து டூட்டி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

திருவையாறு தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறி, திருமானூர் வழியாகப் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அரியலூர் சிமெண்ட் லாரிகளுக்கு மட்டும் வழிவிட வேண்டும். சுமார் 450 ஹெக்டேர் ஏரி. புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீரும் ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்து நிரப்புகிறது. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த பிறகு கரையில் கார்கள் கொஞ்சம் அதிகம்.

என் கேமரா நிக்கான் டி850, 45.7 மெகாபிக்சல். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், வாத்துக்காக அல்ல. 12-க்கு 36 அங்குல ஆல்பத்தில் ஒரே படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டால் பழைய 12 மெகாபிக்சல் டி700 மூச்சு வாங்கியது. புதியது வந்த முதல் மாதமே ஒரு மணப்பெண் போன் செய்து, "அண்ணா, என் மூஞ்சில இவ்வளவு பரு இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. பழைய கேமராவிலும் இருந்திருக்கும், அது கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். பெரிய ரெசல்யூஷன் கேமராவின் குணம் இதுதான் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிய ஒரு மார்கழி ஆனது.

முதல் நாள் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏசி ஓடிய அறையிலிருந்து எடுத்துப் போன லென்ஸை ஏரிக்கரை ஈரக்காற்றில் திறந்ததும் முன் கண்ணாடி பூத்துப்போனது. துடைக்கத் துடைக்கப் பூக்கிறது. இருபது நிமிஷம் கழித்துத் தெளிந்தபோது தலைக்கு மேலே ஒரு கூட்டம் போனது. அழுத்தினேன். கேமரா முந்தின வாரத்து ரிசப்ஷன் செட்டிங்கிலேயே இருந்தது: 1/160 வினாடி, ஒருமுறை ஃபோகஸ் பிடித்து நிற்கிற மோடு. திரையில் பார்த்தால் வாத்துகள் எல்லாம் சாம்பல் நிறத் துடைப்பங்கள். இப்போதெல்லாம் கேமராவை முந்தின இரவே பையோடு மொட்டை மாடி அறையில் வைத்துவிடுகிறேன், கிளம்பும்முன் ஷட்டரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒரு வாத்துதான், நீலச்சிறகி. தண்ணீரில் மிதக்கும்போது அந்தப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே தெரியாது. பழுப்பு நிறம், கோழிக்குஞ்சைப் பெரிசாக்கின மாதிரி. அதுவும் மார்கழியில் ஆண் எது, பெட்டை எது என்று சொல்வதே கஷ்டம். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் தன் அலங்காரத்தையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போலவே ஆகிவிடும். கண்ணுக்கு மேலே அந்த வெள்ளைப் புருவம் திரும்ப வளர்ந்து வர மாசி ஆகிவிடுகிறது. ஆனால் இறக்கையை மட்டும் அது மறைப்பதில்லை. பறக்கும்போது இறக்கையின் மேல்புறத்தில், முன்பாதியில், வெளிர் நீலம் விரியும். அதற்குப் பின்னால் ஒரு பச்சைப் பட்டை, பட்டையின் இரு ஓரத்திலும் வெள்ளைக் கோடு. இந்த வாத்துக்குப் பெயர் வைத்தவர் அதை உட்கார வைத்துப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை, பறக்கவிட்டுப் பார்த்திருக்கிறார். அந்த நீலத்தைப் படத்தில் பிடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இங்கே ஒரு சின்னச் சிக்கல். நீலம் மேல்புறத்தில் இருக்கிறது, நாம் கீழே நிற்கிறோம். தலைக்கு மேலே போகிற வாத்தை எடுத்தால் வயிறுதான் கிடைக்கும். முதல் மார்கழி முழுக்க நான் எடுத்தது வயிறுகள். பறவை நம் கண்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருக்களித்துத் திரும்ப வேண்டும். அதனால் கரை உயரம் ஒரு வரம். கரைமேல் நின்றால், தண்ணீரிலிருந்து எழும்புகிற வாத்து முதல் இரண்டு வினாடி நமக்குக் கீழேயே இருக்கிறது.

எந்தக் கரை என்பது அடுத்த கேள்வி. வாத்து எழும்பினாலும் இறங்கினாலும் காற்றை எதிர்த்துத்தான் செய்யும். மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து. சூரியன் தென்கிழக்கில் எழுகிறது. ஆகவே கிழக்குப் பக்கத்துக் கரையில் நின்றால் காற்றும் வெளிச்சமும் இரண்டுமே நம் முதுகுப் பக்கம், வாத்தின் முகம் நம்மைப் பார்த்து. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முதல் வருஷம் டீக்கடைக்குப் பக்கமாக இருக்கிறதே என்று எதிர்க்கரையில் நின்று வால்களாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, மெகாபிக்சலுக்கு வருகிறேன். நம் ஆட்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்பது, "45 மெகாபிக்சல் இருக்கே, தூரத்து வாத்தும் துல்லியமா வருமா?" என்பதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

என் லென்ஸ் 200-500, கடைசி முனையில் 500 எம்எம். 30 மீட்டரில் பறக்கிற வாத்து சென்சாரில் அறுபதில் ஒரு பங்காக விழும். நீலச்சிறகி சுமார் 40 சென்டிமீட்டர் நீளம், சென்சாரில் ஆறரை மில்லிமீட்டர் சொச்சம். டி850-இல் ஒரு மில்லிமீட்டருக்கு 230 பிக்சல். ஆக, மூக்கிலிருந்து வால்வரை 1500 பிக்சல். அருமை. அதே வாத்து 100 மீட்டரில் இருந்தால் 460 பிக்சல்தான். வாட்ஸப் ஸ்டேட்டஸுக்குப் போதும், சுவருக்குப் போதாது.

இப்போது வேகத்தைச் சேருங்கள். வாத்து வேகமெடுத்துவிட்டால் மணிக்கு 60 கிலோமீட்டர் சாதாரணம், வினாடிக்கு 17 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1/3200 வினாடி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் அது அரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கேமராவை ஆட்டாமல் பிடித்திருந்தால் அந்த அரை சென்டிமீட்டர் படத்தில் 20 பிக்சல் இழுவையாக விழும். பழைய டி700-இல் அதே இழுவை 10 பிக்சல். இரண்டையும் ஒரே அளவில் அச்சிட்டால் வித்தியாசம் இருக்காது, அது வேறு விஷயம். ஆனால் காசு கொடுத்து வாங்கின கூடுதல் பிக்சலெல்லாம் இழுவையிலேயே கரைந்துவிடும். அதைத் தடுக்க ஒரே வழி, வாத்தோடு சேர்ந்து நாமும் திரும்புவது. அதன் வேகத்துக்குப் பத்தில் ஒன்பது பங்கு ஒத்துத் திரும்பினால் 20 பிக்சல் இரண்டாகிவிடும். அப்போதும் இறக்கை நுனி தனிக்கணக்கு, அது உடம்பைவிட வேகமாக மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும்.

கேமராவும் லென்ஸும் சேர்ந்து மூன்றே கால் கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு இடுப்பிலிருந்து சீராகத் திரும்ப வேண்டும். கையை மட்டும் திருப்பினால் வெட்டி வெட்டிப் போகும். நான் பழகியது வாத்தை வைத்து அல்ல, மேரீஸ் கார்னர் பாலத்துப் பக்கம் போகிற டவுன் பஸ்களை வைத்து. பிறகு எங்கள் தெருப் புறாக்கள். ஆவணி, புரட்டாசியில் தினம் பத்து நிமிஷம். பக்கத்துக் கடைக்காரர் என்னைக் கொஞ்ச நாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஃபோகஸ் இன்னும் மோசம். லென்ஸ் புத்தகக் கணக்குப்படி 500 எம்எம், எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு), 30 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் துல்லியமாக இருக்கும். அந்தக் கணக்கு சாதாரண அளவு அச்சுக்கு. 45 மெகாபிக்சல் படத்தைக் கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் நிஜமாகத் துல்லியமாக இருப்பது ஓர் அடிக்குச் சற்று மேல்தான். நம்மை நோக்கி வருகிற வாத்தோ, வினாடிக்கு 7 படம் என்ற என் கேமரா வேகத்தில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே இரண்டரை மீட்டர் கிட்ட முன்னேறிவிடுகிறது. என் கேமரா மிரர் உள்ள பழைய ஜாதி, பறவைக் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கிற வித்தை இதில் கிடையாது. சில ஃபோகஸ் புள்ளிகள் சேர்ந்து வேலை செய்கிற குரூப் ஃபோகஸில் வைத்து நெஞ்சைக் குறிவைப்பேன். அது சமயத்தில் நமக்குக் கிட்டே இருக்கிற இறக்கையைப் பிடித்துக்கொள்ளும். புது மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் இவ்வளவு ரெசல்யூஷன் எதற்கு? என் மச்சான் டி500 வைத்திருக்கிறான், 20.9 மெகாபிக்சல், சின்ன சென்சார். என் கேமராவின் நடுப்பகுதியை மட்டும் அதே சென்சார் அளவுக்கு வெட்டினால் 19.4 மெகாபிக்சல் வரும். அதாவது தூரத்து வாத்தின் மேல் விழுகிற பிக்சல் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவனுக்கு வினாடிக்கு 10 படம் வேறு. எனக்கு அதிகமாக இருப்பது வாத்தைச் சுற்றியுள்ள இடம். திடீரென்று திரும்புகிற வாத்து அவன் ஃபிரேமிலிருந்து தலையை வெளியே நீட்டிவிடும், என் ஃபிரேமில் ஓரத்திலாவது முழுசாக இருக்கும். பிறகு வீட்டில் உட்கார்ந்து வெட்டிக்கொள்ளலாம். நான் 45 மெகாபிக்சலை வாத்தைப் பெரிதாக்க வைத்திருக்கவில்லை, என் கை பிசகுவதற்கு இடம் விட வைத்திருக்கிறேன். 500-இல் தேடிப் பிடிக்க முடியாதபோது 400-க்கு இறங்கி எடுத்துவிட்டு வெட்டுவதும் இந்தத் தைரியத்தில்தான்.

மற்ற செட்டிங் பெரிய ரகசியமில்லை. மேனுவல், 1/3200, எஃப் 5.6. வெளிச்சத்தை மேனுவலில் வைப்பதற்குக் காரணம், வாத்து கோரைப் புல்லைத் தாண்டித் தண்ணீர், தண்ணீரைத் தாண்டி வானம் என்று ஒரே வினாடியில் மூன்று பின்னணியைக் கடக்கும். கேமராவை முடிவெடுக்கவிட்டால் மூன்று விதமாகக் குழம்பும். விடிந்த கால் மணியில் ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் வெளிச்ச உணர்திறன், 2500 வேண்டியிருக்கும், வெயில் ஏற ஏற இறக்கிக்கொண்டே வருவேன். ஊசிவால் வாத்தின் வெள்ளைக் கழுத்து வெளுத்துப்போகாத அளவுக்கு வைத்தால் மற்றது தானாகச் சரியாகும். லென்ஸ் கொஞ்சம் பின்னால் ஃபோகஸ் செய்வது பழைய கேமராவில் தெரியவே இல்லை, இதில் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அரிசி மூட்டை எழுத்தைச் சுட்டுச் சுட்டு ஃபைன் டியூன் செய்து சரிப்படுத்தினேன்.

எட்டரை மணிக்கு மேல் எந்தக் கேமராவும் பிரயோஜனமில்லை. கரை சூடேறியதும் காற்று அலையடிக்கும். அந்த அலைக்குப் பின்னால் இருக்கிற வாத்து பாயசத்தில் மிதக்கிற முந்திரி மாதிரிதான் தெரியும். லென்ஸ் சரியில்லை என்று திட்டிக்கொண்டு கிளம்பிய சிலரைப் பார்த்திருக்கிறேன். ஒன்பது மணிக்கு வந்தவர்கள்.

வாத்து எப்போது பறக்கும் என்பதற்கும் பதில் உண்டு. வலசை வரும் வாத்துகள் பெரும்பாலும் பகலில் ஏரியில் தூங்கி வழிந்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் வயல்களுக்கு மேயப் போய், விடியும்முன்னும் விடிந்தவுடனும் திரும்பி வருகின்றன. சம்பா வயல் சுற்றிலும் இருக்கிறது, அவற்றுக்கென்ன குறை. திரும்பி வருகிற கூட்டம் உடனே இறங்காது. இரண்டு மூன்று வட்டம் போட்டுப் பார்க்கும். அந்த வட்டத்தில் திரும்பும்போதுதான் கூட்டம் மொத்தமும் ஒருக்களிக்கும், இறக்கையின் மேல்புறம் வெளிச்சத்தில் மின்னும். ஆறே காலிலிருந்து ஏழேகால் வரை. பொறுமையாக நின்றால் அதுவாக நடக்கும்.

பொறுமை இல்லாதவர்கள் கல்லெறிகிறார்கள். போன மார்கழியில் என் கண்ணெதிரிலேயே ஒருவர், என்னைவிட மூன்று மடங்கு விலையுள்ள லென்ஸை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, டிரைவரை அனுப்பிக் கைதட்டச் சொன்னார். காவலுக்கு இருக்கிற அண்ணன் ஓடிவந்து சத்தம் போட்டார். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, "தம்பி, ராவெல்லாம் மேஞ்சுட்டு இப்பதான் வந்து ஒக்காருதுவ. நீ நைட் டூட்டி முடிச்சு வந்து படுக்கையில எவனாவது கதவ தட்டுனா எப்படி இருக்கும்?" என்றார். மாசி பங்குனியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறக்க வேண்டிய பறவை, அதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. தவிர, பயந்து எழும்பிய வாத்து நமக்கு முதுகைத்தான் காட்டும். கல்லெறிந்தவருக்கு அந்தப் படம்தான் கிடைத்திருக்கும் என்பதில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம்.

கூட்டத்தை எழுப்புகிற உரிமை இருப்பது சேற்றுப் பூனைப்பருந்துக்குத்தான். ஒரு நாள் ஆறே முக்காலுக்குக் கோரைக்கு மேலே தாழப் பறந்து வந்தது. நூற்றுக்கணக்கான வாத்துகள் ஒரே மூச்சில் எழும்பின. ஊசிவாலும் நீலச்சிறகியும் ஓடித் தாவி எழும்புவதில்லை, நின்ற இடத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்பும். அந்தச் சத்தம், மண்டபத்தில் பந்தி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் நாற்காலியை நகர்த்துகிற சத்தம். அழுத்தினேன். சில வினாடி ஓடிவிட்டு கேமரா நொண்ட ஆரம்பித்தது. கல்யாணத்தில் ஒரு கார்டு போனாலும் படம் போகக்கூடாது என்று இரண்டு கார்டிலும் ஒன்றுபோல எழுதுகிற மாதிரி வைத்திருப்பேன். இரண்டாவது கார்டு பழைய மெதுவான எஸ்டி. ஒரு படம் 50 எம்பி. வேகமான கார்டு சும்மா காத்திருக்க, மெதுவான கார்டு வினாடிக்கு ஒன்றரைப் படம் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தது. நல்லதெல்லாம் என் தலைக்கு மேலே கடந்து போனது. தாலி கட்டுகிற நேரத்தில் கேமரா நின்றால் எப்படி இருக்கும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதன்பின் மார்கழியில் ஒரே கார்டுதான்.

இந்த வருஷம் மார்கழி இருபதுக்கு மேல் ஒரு நாள். பனி ஏறி, எதிர்க்கரைக் கருவேல மரங்களே தெரியவில்லை. கோயில் ஒலிபெருக்கி மட்டும் கேட்கிறது. கிளம்பிவிடலாமா என்று இருந்தபோது ஏழு மணிக்குப் பனி கிழிந்தது. ஏழெட்டு நீலச்சிறகிகள் வயல் பக்கமிருந்து தாழ வந்து, முதல் வட்டத்தில் என்னைப் பார்த்து விலகி, இரண்டாவது வட்டத்தில் கரைக்கு ஒட்டினாற்போலத் திரும்பின. ஒருக்களித்தன. இடுப்பு தானாகத் திரும்பியது. பதினான்கு படம். அப்போது நீலம் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை, வ்யூஃபைண்டரில் நடுப்புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். அன்று காலை மட்டும் 1900 படம், 95 ஜிபி. அப்பா காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஐந்து ரோல், 180 படம். அந்தப் பதினான்கில் ஒன்பதாவதில் இருந்தது. முன் இறக்கை முழுக்க அந்த நிறம். நீலம் என்றால் கிருஷ்ணர் பட நீலம் அல்ல, துவைத்துத் துவைத்து வெளுத்த காக்கிக்குள் சொட்டு நீலம் ஏறின மாதிரி ஒரு நிறம். பச்சைப் பட்டை, இரண்டு வெள்ளைக் கோடு, இறகின் ஒவ்வொரு நரம்பும். ஆண்தான்.

12-க்கு 18-இல் ஒரு பிரிண்ட் போட்டு அப்பாவிடம் காட்டினேன். நெகட்டிவ் பார்க்கிற பழைய பூதக்கண்ணாடியை டிராயரிலிருந்து எடுத்து வந்தார். இறக்கையில் ஆரம்பித்து மெதுவாகத் தலைப்பக்கம் போனார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"றெக்க நல்லாருக்கு. கண்ணு ஷார்ப் இல்லியேடா."

இல்லைதான். கிட்டத்து இறக்கையில் ஃபோகஸ் நின்றிருக்கிறது, கண் ஓர் அரையடி பின்னால். நானும் கணினியில் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் கொண்டுபோனேன், பிரிண்டில் தெரியாது என்று நினைத்து. ஸ்டூடியோ சுவரில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எந்த வெளிநாடு என்று கேட்கிறார்கள், திருமானூருக்குப் பக்கம் என்று சொன்னால் நம்புவதில்லை.

தை முதல் முகூர்த்தம் வருகிற வாரம், கும்பகோணத்தில். நேற்றிரவு கேமராவை எடுத்து ஷட்டரை 1/160-க்கு மாற்றினேன். இரண்டாவது கார்டையும் போட்டேன்.